முகச் சிவப்பை அளக்கும் கேமரா

கேமராவில் எடுத்த படத்தை கம்ப்யூட்டரில் ஏற்றி பார்ப்பது, அளவைச் சுருக்குவது, பிரிண்ட் எடுப்பது வரை நீங்கள் கற்றுக் கொண்டிருப்பீர்கள். அதே படத்திலிருந்து ஓர் அளவையும் எடுக்க முடியும் என்பது தெரியுமா? முகத்தின் சிவப்பு எவ்வளவு என்று தோல் மருத்துவ ஆய்வுகளில் இப்படி அளக்கிறார்கள். அதன் எளிய வடிவத்தை வீட்டில் உள்ள கம்ப்யூட்டரிலேயே செய்யலாம். எப்படி என்று பார்ப்போம்.

ஏன் அளக்க வேண்டும்?

ரோசேசியா என்பது கன்னம், மூக்கு, நெற்றி, தாடை ஆகிய இடங்கள் சிவந்து போகும் நாள்பட்ட தோல் நோய். வெயில், காரம், சூடான பானம், மன உளைச்சல் ஆகியவை சிவப்பைக் கூட்டும். வெள்ளைத் தோலில் இது பளிச்சென்று தெரிந்துவிடும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் மெலனின் என்ற நிறமி சிவப்பை மறைத்துவிடுகிறது. கூடவே சிறு பருக்களும் வருவதால் முகப்பரு என்று நினைத்து விட்டுவிடுகிறோம்.

நம் நாட்டில் முகம் சிவக்க இன்னொரு பெரிய காரணம் உண்டு. டாக்டரைக் கேட்காமல் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு க்ரீம்தான் அது. டாக்டர் அபீர் சரஸ்வத் குழுவினர் இந்தியாவில் 12 தோல் மருத்துவ மையங்களில் நடத்திய ஆய்வு 2011-ல் வெளியானது. முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு க்ரீம் பூசிக் கொண்டிருந்தார்கள். சிவப்பழகு க்ரீம் என்று நினைத்துப் பூசியவர்களும் அவர்களில் உண்டு. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

சிகிச்சை தொடங்கியபின் சிவப்பு குறைகிறதா என்று எப்படிச் சொல்வது? மருத்துவ ஆய்வுகளில் டாக்டர் முகத்தைப் பார்த்து 0 முதல் 4 வரை மார்க் போடும் முறை உண்டு. ஆனால் ஒருவர் 2 போடும் முகத்துக்கு இன்னொருவர் 3 போடலாம். ஆறு வாரம் முன்பு முகம் எப்படி இருந்தது என்று நோயாளிக்கும் சரியாக ஞாபகம் இருக்காது. அங்கேதான் படம் உதவுகிறது.

சிவப்பு கூடுவதில்லை, பச்சை குறைகிறது!

டிஜிட்டல் படம் என்பது சின்னச் சின்னப் புள்ளிகளின் தொகுப்பு. இவற்றை பிக்சல் என்கிறோம். ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை.

முகம் சிவந்தால் சிவப்பு எண்தான் ஏறும் என்று நினைப்போம். உண்மையில் பெரிதாக மாறுவது பச்சை எண். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நிறைய உறிஞ்சுகிறது. சிவப்பு ஒளியை அதிகம் தொடுவதில்லை. எனவே தோலுக்கு அடியில் ரத்தம் கூடும்போது கேமராவுக்குத் திரும்பி வரும் பச்சை குறைகிறது. ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள்:

சிவக்காத இடம்: சிவப்பு 185, பச்சை 140, நீலம் 115
சிவந்த கன்னம்: சிவப்பு 190, பச்சை 122, நீலம் 108

சிவப்பு 5 மட்டுமே ஏறியிருக்கிறது. பச்சை 18 இறங்கியிருக்கிறது.

மூன்று எண்களை வைத்துக் கொண்டு ஒப்பிடுவது சிரமம். இதற்கு 1976-ல் சர்வதேச ஒளியியல் ஆணையம் வகுத்த 'லேப்' என்ற வண்ண முறை உதவும். இதில் 'எல்' என்பது வெளிச்சத்தின் அளவு. 'ஏ' என்பது பச்சையிலிருந்து சிவப்பு வரை. 'பி' என்பது நீலத்திலிருந்து மஞ்சள் வரை. நமக்கு வேண்டியது 'ஏ' மட்டும். மேலே உள்ள எண்களை இந்த முறைக்கு மாற்றினால் சிவக்காத இடத்துக்கு 'ஏ' சுமார் 14, சிவந்த கன்னத்துக்கு சுமார் 25 வரும். வித்தியாசம் 11. இந்த வித்தியாசம்தான் நமது அளவு.

ஏன் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்? மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சுகிறது. அதனால் ஒருவருடைய கன்னத்தின் எண்ணை இன்னொருவரோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. உங்கள் கன்னத்தை உங்கள் தோலின் சிவக்காத இடத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஏமாற்றும் வெளிச்சம்

கேமரா அளவெடுக்கும் கருவியாகச் செய்யப்பட்டதல்ல. படம் அழகாக வர வேண்டும் என்பதற்காக அது வெளிச்சத்தையும் வண்ணத்தையும் தானாகவே மாற்றிக் கொள்கிறது. இதில் வண்ணத்தைச் சரி செய்யும் பகுதிக்கு ஒயிட் பேலன்ஸ் என்று பெயர். சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் வெளிர் பச்சைச் சுவர். ட்யூப்லைட்டில் அங்கே எடுக்கும் படத்துக்கும், காலையில் வாசல் வராந்தாவில் எடுக்கும் படத்துக்கும் ஒரே கன்னம் வேறு எண் காட்டும். சிவப்புச் சட்டை போட்டிருந்தாலும் எண் மாறும். செல்போனில் உள்ள பியூட்டி மோடு சிவப்பையே துடைத்துவிடும்.

மருத்துவமனைகளில் பயன்படும் விஸியா போன்ற கருவிகளில் தாடையை ஒரு தாங்கியில் வைத்து, ஒரே விளக்கில், ஒரே தூரத்தில் படம் எடுக்கிறார்கள். முகத்தின் பளபளப்பை நீக்க போலரைசிங் ஃபில்டரும் உண்டு. நம்மிடம் அவை இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்துக் கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.

படம் எடுப்பது எப்படி?

1. தினமும் ஒரே நேரம், ஒரே இடம். நேரடி வெயில் படாத, ஜன்னல் வெளிச்சம் நல்லது. ட்யூப்லைட்டை அணைத்து விடுங்கள்.

2. முகம் கழுவி, துடைத்து, இருபது நிமிடம் உட்காருங்கள். சாப்பிட்ட உடனே, நடந்து வந்த உடனே எடுக்க வேண்டாம்.

3. ஃப்ளாஷ், பியூட்டி மோடு, ஃபில்டர் எதுவும் வேண்டாம். செல்போன் என்றால் பின்பக்கக் கேமராவில் வேறு ஒருவரை எடுக்கச் சொல்லுங்கள்.

4. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கன்னமும் காதுக்குக் கீழே உள்ள கழுத்துப் பகுதியும் தெரியும்படி நில்லுங்கள்.

5. ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கன்னத்துக்கு அருகில் பிடியுங்கள். எப்போதும் அதே காகிதம்.

6. ஒரே நேரத்தில் மூன்று படம் எடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். தேதியைப் பெயராகக் கொடுத்து ஒரு ஃபோல்டரில் போடுங்கள். முகப்படம் என்பதால், தானாக இன்டர்நெட்டில் ஏற்றப்படும் ஃபோல்டராக அது இருக்க வேண்டாம்.

எண்ணைப் படிப்பது எப்படி?

விண்டோஸில் உள்ள பெயின்ட் ஒரு பிக்சலின் எண்ணை மட்டுமே காட்டும். ஒரு மச்சத்தின் மீது க்ளிக் செய்தால் எல்லாம் தவறாகிவிடும். எனவே கிம்ப் என்ற இலவச சாஃப்ட்வேரை இறக்கி நிறுவிக் கொள்ளுங்கள்.

முதலில் படத்தைத் திறந்து, கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் என்பதை க்ளிக் செய்யுங்கள். அதில் சொட்டுக் குழாய் போன்ற மூன்று படங்கள் வரிசையாக இருக்கும். நடுவில் உள்ளதை எடுத்து வெள்ளைக் காகிதத்தின் மீது க்ளிக் செய்யுங்கள். வெளிச்சத்தால் வந்த மஞ்சளோ பச்சையோ பெரும்பாலும் நீங்கிவிடும். காகிதத்தில் ஏதாவது ஓர் எண் 255-ஐத் தொட்டிருந்தால் வெளிச்சம் அதிகம். வேறு படம் எடுங்கள்.

அடுத்து, கலர் பிக்கர் என்ற கருவியை எடுங்கள். சாம்பிள் ஆவரேஜ் என்பதை டிக் செய்து ஆரத்தைக் கூட்டுங்கள். ஒரு பிக்சலுக்குப் பதில் ஒரு சிறு பகுதியின் சராசரி கிடைக்கும். தகவல் ஜன்னலைக் காட்டும் வசதியையும் டிக் செய்யுங்கள். கன்னத்தில் க்ளிக் செய்தால் அந்த ஜன்னல் திறக்கும். அதில் லேப் என்பதைத் தேர்ந்தெடுத்து 'ஏ' எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். கழுத்திலும் அதே போல் செய்யுங்கள். கன்னத்தின் எண்ணிலிருந்து கழுத்தின் எண்ணைக் கழியுங்கள். எக்செல்லில் தேதிக்கு எதிரே எழுதி வந்தால் வாரம் வாரியாக ஒரு வரைபடமே போட்டுவிடலாம்.

இப்போது அந்த மூன்று படங்களுக்கு வருவோம். ஒரே நிமிடத்தில் எடுத்த மூன்றிலும் வித்தியாசம் 10, 12, 11 என்று வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். முகம் ஒரு நிமிடத்தில் மாறவில்லை. மாறியது நம் அளவு. அப்படியானால் அடுத்த வாரம் 10 வந்தால் குணமாகிவிட்டது என்று மகிழவோ, 12 வந்தால் கவலைப்படவோ தேவையில்லை. 11 என்பது 6 ஆக இறங்கி, தொடர்ந்து சில வாரங்கள் அங்கேயே நின்றால்தான் அது செய்தி.

எண் சொல்லாதது

சிவப்பு எவ்வளவு என்று எண் சொல்லும். ஏன் என்று சொல்லாது. ரோசேசியா, ஸ்டீராய்டு க்ரீமின் பாதிப்பு, வெயில், அலர்ஜி எல்லாம் ஒரே எண்ணைத் தரலாம். லூபஸ் என்ற நோயிலும் இரு கன்னமும் மூக்கும் சிவக்கும். முகச் சிவப்போடு மூட்டு வலி, காய்ச்சல், வாய்ப்புண் இருந்தால் படம் எடுத்துக் கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். ஸ்டீராய்டு க்ரீமை பல மாதம் பூசியவர்கள் திடீரென்று நிறுத்தினால் சிவப்பும் எரிச்சலும் ஒரேயடியாகக் கூடலாம். அதையும் டாக்டர் சொல்கிறபடிதான் நிறுத்த வேண்டும்.

நான் சாஃப்ட்வேர்க்காரன், டாக்டர் அல்ல. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: மாநிற முகத்தில் சிவப்பு கண்ணுக்குத் தப்பலாம். "முன்பைவிடப் பரவாயில்லை போலிருக்கிறது" என்று டாக்டரிடம் சொல்வதைவிட, ஒரே வெளிச்சத்தில் எடுத்த எட்டு வாரப் படங்களைத் தேதியோடு காட்டினால் அவருக்கு உதவியாக இருக்கும். போகும்போது இதுவரை பூசிய க்ரீம் ட்யூப்களையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.