காற்றின் வேகத்தை முன்னறிதல்

சோளகம், வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு வழங்கினர் எம் முன்னோர். எம்மாதத்தில் எக்காற்று வீசும் என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கடற்றொழிலாளர் இன்றும் நன்கறிவர். ஆயின் நாளைப் பிற்பகல் மூன்று மணிக்கு அக்காற்று எத்துணை வேகத்தோடு வீசும்? காற்றிலே மின்சாரம் எடுப்போருக்கு வேண்டியது இவ்வினாவின் விடையே.

குடாநாட்டின் கழுத்துப் போன்ற பளைப் பகுதியிலே, தலா 10 மெகாவாற்று ஆற்றலுள்ள இரு காற்றாலைத் தொகுதிகள் இயங்குகின்றன. மன்னாரிலே 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தொகுதியில் 30 காற்றாலைகள் உள. அவற்றின் ஆற்றல் 103.5 மெகாவாற்று. இவை மூன்றுக்கும் பொதுவான இடர்ப்பாடு ஒன்றுண்டு. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் எண்மடங்காகும். செக்கனுக்கு 10 மீற்றர் என்று நாம் எதிர்பார்த்த காற்று 8 மீற்றராக வந்தால், ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகிவிடும். வேகத்திலே சிறு பிழை. மின்சாரத்திலோ பெரும் பிழை! புயல்நாளில் நிலைமை வேறு. வேகம் 25 மீற்றரை அணுகும்போது, காற்றாலை தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும்.

மின்சாரமோ ஆக்கமும் நுகர்வும் கணந்தோறும் ஒத்திருக்க வேண்டிய பொருள். காற்று ஏமாற்றினால் எண்ணெய் இயந்திரங்களை முடுக்க வேண்டும். சுன்னாகத்திலே 24 மெகாவாற்று எண்ணெய் மின்நிலையம் ஒன்று உண்டு. அவ்வூர்க் கிணறுகளில் எண்ணெய் கலந்ததையும், அதன் பொருட்டு அங்கியங்கிய ஒரு தனியார் மின்நிலையம் இழப்பீடு செலுத்தவேண்டுமென உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்ததையும் நாம் மறந்துவிடவில்லை.

அடுத்த ஒரு மணி நேரத்துக்கு, ‘இப்பொழுது வீசுவதே வீசும்’ எனக் கொள்ளும் எளிய முறையை வெல்வது கடினம். நாளைய தினத்துக்கு அது உதவாது. வளியமுக்கம், வெப்பநிலை, ஈரப்பதன் ஆகியவற்றைக் கொண்டு, வளிமண்டலத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்துக் கணினி கணக்கிடுகின்றது. கட்டம் பல கிலோமீற்றர் அகலமானது; பளையிலோ நிலம் ஒடுங்கியது, இருபுறமும் நீர். கணினி அவ்விடத்தைக் கடலென்றே கொண்டுவிடவுங் கூடும். ஆகவே கோபுரங்களில் அளந்த வேகத்தோடு ஒப்பிட்டு விடையைத் திருத்துவர். உயரமும் முக்கியம். பனைகளும் வீடுகளும் தரையருகே காற்றைத் தடுக்கின்றன. மேலே அது விரைகின்றது. தைப்பொங்கலுக்கு விண் பூட்டிப் பட்டம் ஏற்றும் சிறுவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

சோளகம் நிலையாக வீசும் மே முதல் செப்தெம்பர் வரை கணிப்பு ஓரளவு எளிது. பருவம் மாறும் ஒக்ரோபரிலே இடிமழையோடு திடீரெனக் காற்று எழும், அடங்கும். இதனால் தொடக்க அளவுகளைச் சற்றே மாற்றிப் பலமுறை கணக்கிடுகின்றனர். விடைகள் நெருங்கி நின்றால் நம்பிக்கை மிகும். சிதறி நின்றால், அன்றைக்கு எண்ணெய் இயந்திரங்கள் கூடுதலாக ஆயத்த நிலையில் வைக்கப்படும்.