பூட்டு யார் கையில்?

இரண்டு சின்னஞ்சிறு ஆங்கிலச் சொற்கள். ஒன்று 'லாக்', பூட்டு. மற்றொன்று 'அவுட்', வெளியே. தனித்தனியே நிற்கும்வரை இவற்றால் எவருக்கும் தீங்கில்லை. இரண்டும் கைகோத்து, 'லாக்-அவுட்' என்று ஆலை வாயிலில் வந்து நின்றாலோ, ஆயிரம் வீடுகளில் அடுப்பு அணைகிறது! தமிழிலே இதனைக் 'கதவடைப்பு' என்கிறோம். இந்தச் சொல்லை இன்று சற்றே பிரித்துப் பார்ப்போம், தோழர்களே! சொல்லாராய்ச்சி புலவர்களுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தல்ல; ஒரு சொல்லால் சோற்றை இழப்பவனுக்கும் அதிலே உரிமை உண்டு.

சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தெருவில் நிற்பவனைப் பற்றிப் பேசும்போதும் ஆங்கிலேயர் இந்தச் சொற்களைத்தான் ஆளுவர். அங்கே பகையுமில்லை, பழியுமில்லை. மறதி மட்டுமே உண்டு.

தொழிற்கூடத்திலே இதே சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. இயந்திரத்தைப் பழுது பார்க்க இறங்குகிறவன் மின்சாரத்தைத் துண்டித்து, விசையின்மீது தன் பூட்டைப் போட்டு, தன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைத் தன் பையிலே வைத்துக்கொள்கிறான். அவன் கரையேறும்வரை வேறெவரும் இயந்திரத்தை ஓட்ட முடியாது. அமெரிக்காவில் 1989-ல் இதனை விதியாகவே ஆக்கினார்கள். நம் தொழிற்சாலைகளில் 'லோட்டோ' என்று சுருக்கி அழைப்பது இந்த ஏற்பாட்டைத்தான்.

பார்த்தீர்களா வேடிக்கையை! சொல் ஒன்றே. சாவி தொழிலாளியின் பையில் இருந்தால் அது உயிர் காக்கிறது. முதலாளியின் பையில் இருந்தால் அதே சொல் வயிற்றில் அடிக்கிறது. ஆகவே, சொல்லுக்குப் பொருள் தேடுமுன் சாவியைத் தேட வேண்டும் என்கிறோம் நாம்.

இங்கிலாந்தில் பிரஸ்டன் என்றொரு பஞ்சாலை நகரம். அங்கே நெசவாளர்கள் பத்து விழுக்காடு கூலி உயர்வு கேட்டார்கள். ஆலையதிபர்கள் ஒன்றுகூடினர், 1853 அக்டோபரில் ஆலைகளை இழுத்து மூடினர். கேட்டவனுக்கும் வேலையில்லை, கேளாதவனுக்கும் வேலையில்லை! 1854-ல் எழுத்தாளர் டிக்கன்ஸ் அந்நகருக்கு நேரிலே சென்று கண்டு எழுதினார். அதே ஆண்டில் பட்டினி தாளாமல் தொழிலாளர் பணிக்குத் திரும்பினர். கேட்ட பத்து கிடைக்கவில்லை. தொழில் தகராறு என்னும் பொருளிலே இந்தச் சொல் ஆங்கிலத்தில் பரவியது அந்த ஆண்டுகளில்தான்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில், 1913-ல், சுமார் இருபதாயிரம் தொழிலாளர் வெளியே தள்ளப்பட்டனர். லார்கின் தலைமையிலான சங்கத்தில் சேர மாட்டோம் என்று எழுதிக் கையொப்பமிடு. மறுத்தால் வெளியே நில்! இதுதான் முதலாளிமார் இட்ட கட்டளை. இங்கிலாந்துத் தொழிற்சங்கங்கள் கப்பலில் உணவு அனுப்பின. ஆயினும் 1914-ன் தொடக்கத்தில் பசி வென்றது. அங்கே கூலி மட்டுமா பூட்டப்பட்டது? சங்கம் சேரும் உரிமையையே பூட்டப் பார்த்தார்கள்.

இனி இலக்கணத்துக்கு வருவோம். 'வேலைநிறுத்தம்' என்றதும், செய்தவர் யார் என்பது எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது. 'கதவடைப்பு' என்னும்போதோ, அடைத்தவர் யார்? சொல்லிலே அவர் இல்லை! 'தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர்' என்று எழுதும் ஏடுகளே, 'ஆலை மூடப்பட்டது' என்றும் எழுதுகின்றன. ஏதோ காற்றடித்துக் கதவு தானே சாத்திக்கொண்டதுபோல! சென்னைப் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் 1921-ல் நடந்ததை 'வேலைநிறுத்தம்' என்றே பலரும் குறிப்பிடுகிறார்கள். அங்கே கதவடைப்பும் இருந்தது. அது பின்னுக்குப் போய்விட்டது.

சட்டம் சொல்வதென்ன? 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் இதனை மறைக்கவில்லை. பணியிடத்தைத் தற்காலிகமாக மூடுதல், வேலையை நிறுத்தி வைத்தல், தொடர்ந்து வேலை கொடுக்க முதலாளி மறுத்தல், இவை மூன்றும் கதவடைப்பே என்றது. ஆக, கதவிலே பூட்டே தொங்காவிட்டாலும் கதவடைப்பு நடக்கலாம்! இதற்குப் பக்கத்திலே 'லே-ஆஃப்' என்றொரு சொல் உண்டு. நிலக்கரி இல்லை, மின்சாரம் இல்லை, மூலப்பொருள் இல்லை, இயந்திரம் பழுது என்பன போன்ற காரணங்களால் வேலை தர இயலாமை அது. அதற்கு, சட்டம் வகுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி இழப்பீடாக உண்டு. கதவடைப்புக்கோ அப்படித் தானாக வரும் பாதி கிடையாது. அது முறையற்றது என்று வழக்காடி நிறுவினால்தான் கூலி. வாயிலில் ஒட்டப்படும் தாளில் எந்தச் சொல் இருக்கிறது என்பது, மாதக் கடைசியில் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்பதையே தீர்மானிக்கிறது!

அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில், 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. முன்பு பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு மட்டும் இருந்த பதினான்கு நாள் முன்னறிவிப்பு, இப்போது எல்லாத் தொழிலுக்கும் உண்டு. வேலைநிறுத்தத்துக்கும் அதுவே, கதவடைப்புக்கும் அதுவே. 'இருவருக்கும் ஒரே விதி, இது சமநீதியன்றோ?' என்பர். பதினான்கு நாளில் கிடங்கை நிரப்பிக்கொள்ள முதலாளியால் முடியும். அரிசிப் பானையை நிரப்பிக்கொள்ளத் தொழிலாளியால் முடியுமா? அதுமட்டுமா? ஒரே நாளில் பாதிப்பேரோ அதற்கு மேலோ கூடிப்பேசித் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாம்! தொழிலாளியின் சொல்லுக்குப் பொருள் விரிகிறது. அதனோடு தண்டனையின் எல்லையும் விரிகிறது.

நம் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். வாயிலிலே அறிவிப்பு ஒட்டப்பட்டால், கூட்டத்தோடு கூடிக் கூச்சலிட்டுக் கலைந்துவிடாதீர்கள். அதை எழுத்தெழுத்தாகப் படியுங்கள், படி எடுங்கள், தேதியைக் குறித்து வையுங்கள், சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். நம் துண்டறிக்கைகளில் 'ஆலை மூடப்பட்டது' என்று எழுதாதீர்கள். 'முதலாளி ஆலையை மூடினார்' என்று எழுதுங்கள். அந்த ஒரு சொல் மாற்றத்திலே, பூட்டியவர் யார் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். பூட்டியவரிடம்தானே சாவி கேட்க முடியும்!