மழை விட்ட பிறகு வந்த தண்ணீர்

மன்னாரில் புயல் என்றதும் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது அறுபத்திநாலுதான். 1964 டிசம்பரில் வட இலங்கையைக் கடந்துபோன அந்தப் புயல், தலைமன்னாருக்கு எதிர்க்கரையில் இருந்த தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து அங்கே போய்க்கொண்டிருந்த ரயிலையும் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. அதனால் நமக்குப் புயல் என்றால் காற்றும் கடலும்தான். வள்ளத்தை மேட்டில் ஏற்றிக் கட்டுவோம், தகரக் கூரைக்குப் பாரம் வைப்போம், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டோடு இருப்போம்.

2025 நவம்பரில் வந்த டித்வா அப்படி வரவில்லை. அதன் காற்று பெரிய காற்றல்ல. ஆனால் நகர மனமில்லாமல் நாட்டின் மேலேயே கிடந்து கொட்டித் தீர்த்தது. 27ஆம் திகதி வியாழக்கிழமை உயர்தரப் பரீட்சை நிறுத்தப்பட்டது. வெள்ளிக்கிழமை கரண்ட் இல்லை, பிறகு போனும் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீடுதான் உலகம்.

அந்த இரண்டு நாளில் வீட்டுக்குள் ஓய்வென்று ஒன்று கிடையாது. அரிசி மூட்டை மேசைக்கு ஏறும். பிள்ளைகளின் புத்தகங்கள், காணி உறுதி, அடையாள அட்டை எல்லாம் பொலித்தீன் பைக்குள் போய் அலுமாரியின் மேல்தட்டில் உட்காரும். கட்டிலின் நான்கு காலுக்கும் கல் வைப்போம். வாசல் படியில் கரியால் ஒரு கோடு கிழித்துவிட்டு, அரை மணிக்கொருதரம் டோர்ச் அடித்துப் பார்ப்போம். கோடு மறைந்தால் அதற்கு மேலே இன்னொரு கோடு. மன்னார்த் தீவு தட்டையான மணல் நிலம். வானத்துத் தண்ணீர் ஓடிப்போக இடமில்லாமல் வளவிலேயே நிற்கும். கக்கூஸ் குழி நிரம்பும், அந்தத் தண்ணீர் கிணற்றோடு கலக்கும். சுற்றிலும் வெள்ளம் நிற்க, குடிக்கத் தண்ணீர் இல்லாமற்போகிற கொடுமையைத்தான் வெளியூர்க்காரருக்கு விளங்கப்படுத்துவது கடினம்.

ஆனாலும் எங்கள் வளவுத் தண்ணீரைவிட என்னைத் தூங்கவிடாமல் வைத்தது நானாட்டான் பக்கம் இருக்கிற அக்கா வீடு. போன் எடுபடவில்லை. மழை குறையக் குறையப் பயம் கூடியது. காரணம் அருவியாறு.

சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படும் இந்த ஆறு, இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு, 164 கிலோமீட்டர். அனுராதபுரப் பக்கத்து மழையையும் அங்கே நிரம்பி வழிகிற குளங்களின் நீரையும் சேர்த்துக்கொண்டு வந்து, தேக்கம் அணையில் ஒரு பங்கைக் கட்டுக்கரைக் குளத்துக்குக் கொடுத்துவிட்டு, அரிப்புப் பக்கம் கடலில் கலக்கிறது. மேலே பெய்த மழை இங்கே வந்துசேர நேரமெடுக்கும். அதனால் மன்னாரில் மழை விட்டு, சனம் மூச்சுவிடுகிற வேளையில் ஆறு வந்து வாசலில் நிற்கும். டித்வாவிலும் அதுதான் நடந்தது. நானாட்டான், முசலி, மடுப் பக்கத்து ஊர்கள் தண்ணீருக்குள் போயின. காலபோக வயல்கள் மூழ்கின, மாடுகள் பட்டி பட்டியாகச் செத்தன. 30ஆம் திகதி திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பூசைக்குப் போகவேண்டிய சனத்தில் எத்தனையோ பேர் அன்று தங்குமிடங்களில் இருந்தார்கள்.

நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையகத்து மண்சரிவுகளின் பயங்கரத்துக்கு முன்னால் மன்னாரின் கதை செய்திகளில் சிறிதாகத்தான் தெரிந்தது. இது எனக்கு வருத்தம்தான். வெள்ளத்துக்கு முன்பும் எங்கள் பேச்சு எடுபடவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார்ச் சனம் தெருவில் நின்றபோது சொன்னவற்றில் ஒன்று, தண்ணீர் வழிந்தோடும் பாதைகளை அடைக்காதீர்கள் என்பது. இந்த வெள்ளத்துக்குப் பிறகாவது அதிகாரிகள் அதைக் காது கொடுத்துக் கேட்கவேண்டும்.

அக்கா வீட்டார் தப்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இரவோடிரவாகக் கதவைத் தட்டி எழுப்பியதால் தப்பினார்கள்.

இப்படியான எச்சரிக்கையை ஒரு அயலவரின் நல்ல மனதிடம் விட்டுவிட முடியாது. நீர்ப்பாசனத் திணைக்களம் ஆற்றின் மேற்பக்கம், தந்திரிமலையில், அருவியாற்றின் மட்டத்தை அளக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத் தொடங்கியதுமே கீழேயுள்ள ஊர்களின் பெயர் சொல்லி அறிவிக்கவேண்டும். கரண்டும் போனும் இல்லாத இரவில் அந்த அறிவித்தல் கோவில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகளில் பற்றரியிலாவது ஒலிக்கவேண்டும். மாவட்டச் செயலகமும் பிரதேச செயலகங்களும் அடுத்த மாரிக்கு முன் இந்த ஏற்பாட்டைச் செய்துமுடிக்க வேண்டும். ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மழை விட்டுவிட்டது என்று கட்டிலைக் கீழே இறக்காதீர்கள். அனுராதபுரத்தில் என்ன நிலை என்று முதலில் கேளுங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.