ஓட்ஸ் பீரும் நம்ம நெல் உமியும்

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்கள் ஏராளம். 1978-ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வழிவிட்டது. நம்ம ஊரில் அது குற்றம். செய்து பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கடையில் காசு கொடுத்து வாங்கும் ஒரு பொருளை நாம் மில்லிலேயே விட்டுவிட்டு வருகிறோம். அதுதான் நெல் உமி.

பீருக்கு அடிப்படை, முளைகட்டிக் காயவைத்த பார்லி. அதை ஒன்றிரண்டாக உடைத்து, 65 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வெந்நீரில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். பிறகு அந்த இனிப்புச் சாற்றை அடிப்பக்கம் வடிக்க வேண்டும். பார்லியின் மேல்தோலே அங்கே வடிகட்டி.

பீர் வழவழப்பாக இருக்க ஓட்ஸ் அவலும் சேர்ப்பார்கள். அதில் தோல் கிடையாது. போதாததற்கு பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து உண்டு. ஓட்ஸ் கஞ்சி கொழகொழப்பதே அதனால்தான். ஓட்ஸ் கூடினால் எல்லாம் களி மாதிரி இறுகிப்போய், சாறு சொட்டுக்கூட இறங்காது.

இதற்கு மருந்து உமி. 4 கிலோ பார்லி, 1 கிலோ ஓட்ஸ் என்றால் கால் கிலோ உமி போதும். முதலில் கழுவி நனைத்துக்கொள்வார்கள்; இல்லாவிட்டால் அது சாற்றைக் குடித்துவிடும். உமி சர்க்கரையும் தராது, ருசியும் தராது. சிலிக்கா இருப்பதால் நசுங்காமல் விறைப்பாக நின்று சாறு இறங்க வழிவிடும், அவ்வளவுதான். வங்கிக்காரன் கண்ணுக்கு இது வரவில் வைக்க முடியாத சரக்கு. ஆனால் அது இல்லையென்றால் மொத்த வேலையும் நின்றுபோகும்!

மண்ணிலும் உமிக்கு இதே வேலைதான். இறுகிய களிமண்ணில் தண்ணீருக்கும் காற்றுக்கும் இடம் விடும். என் நாற்றுத் தட்டுக் கலவையில் நாலில் ஒரு பங்கு கருக்கிய உமிதான். பச்சை உமியை அப்படியே கொட்டினால் மக்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். சாணத்தோடு மக்கவைத்துப் போடுங்கள்.

100 கிலோ நெல் அரைத்தால் சுமார் 20 கிலோ உமி வரும். பழைய ஹல்லர் மில்லில் உமியும் தவிடும் கலந்து தூளாக வரும். ரப்பர் ரோலர் மில்லில்தான் முழு உமி கிடைக்கும். மருந்தடிக்காமல் விளைவித்த நெல்லின் உமி, நண்பர்களே, உங்களுடையது. அடுத்த முறை நெல் அரைக்கப் போகும்போது கூடவே நாலு காலிச் சாக்கையும் எடுத்துக்கொண்டு போங்கள்.