பித்தப்பையையும் சேர்த்து அகற்ற வேண்டுமா?

காவிரி டெல்டாவில் நடவும் அறுவடையும் இயந்திரங்களின் கைக்கு மாறிவிட்டன. உடலுழைப்பு குறைந்தது, உண்ணும் சோற்றின் அளவு குறையவில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் கூடுதல் எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள் என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. பெருநகரங்களின் செய்தியாக இருந்த உடல் பருமன் குறைப்பு அறுவை சிகிச்சை, இன்று தஞ்சாவூர், கும்பகோணம் குடும்பங்களிலும் பேசப்படுகிறது. அப்போது எழும் கேள்விகளில் ஒன்று: பித்தப்பையையும் அதே நேரத்தில் அகற்றிவிடலாமா?

கேள்விக்குக் காரணம் உண்டு. எடை விரைவாகக் குறையும்போது, கரையும் கொழுப்பிலிருந்து கல்லீரல் அதிகமான கொலஸ்ட்ராலைப் பித்தநீரில் சேர்க்கிறது. உணவு குறைவதால் பித்தப்பை சுருங்கி விரிவதும் குறைகிறது. தேங்கும் பித்தநீரில் கற்கள் உருவாகின்றன. முதல் ஆறு மாதங்களில் இந்த அபாயம் அதிகம். மேலும், இரைப்பை மாற்றுப்பாதை சிகிச்சைக்குப் பின் உணவுப்பாதையே மாறிவிடுவதால், கல் நழுவிப் பித்தநாளத்தை அடைத்தால் வாய்வழியே உள்நோக்கிக் குழாயைச் செலுத்தி அதை எடுப்பது கடினம். எனவேதான் வயிற்றைத் திறந்து அறுவை செய்த காலத்தில், பித்தப்பையையும் உடன் எடுப்பதை மருத்துவர்கள் பலர் வழக்கமாகக் கொண்டிருந்தனர்.

ஆனால், புள்ளிவிவரங்கள் வேறு பாடம் சொல்கின்றன. நெதர்லாந்தில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், மருந்து பெறாத பிரிவினருள் இரண்டு ஆண்டுகளில் பித்தக்கல் தொல்லைக்கு ஆளானோர் 9.7 சதவீதம் மட்டுமே. அதாவது, எல்லோருக்கும் பித்தப்பையை அகற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது தேவையற்ற அறுவை. நாளொன்றுக்கு 900 மில்லிகிராம் அர்சோடியாக்சிகோலிக் அமிலத்தை ஆறு மாதங்கள் உட்கொண்டோரில் தொல்லை 6.5 சதவீதமாகக் குறைந்தது. பித்தநாளம் காயமடையும் ஆபத்தையும் சேர்த்து எண்ணினால், கல் இல்லாத பித்தப்பையை விட்டுவைப்பதே விவேகம். முன்கூட்டியே ஸ்கேன் எடுத்து, கல்லும் வலியும் இருந்தால் அகற்றலாம். தொல்லை தராத கல் எனில் முடிவை மருத்துவரிடம் விடலாம்.

இங்குதான் பொருளாதாரம் நுழைகிறது. உடல் நிறைக் குறியீடு 40-க்கு மேல், அல்லது கடுமையான இணைநோய்களுடன் 35-க்கு மேல் இருந்தால் பருமன் குறைப்பு அறுவைக்குக் காப்பீடு பெற வழியுண்டு. ஆனால், நம் காப்பீடுகள் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையை மையமாகக் கொண்டவை. வீடு திரும்பியபின் வாங்கும் மாத்திரைக்கும் ஸ்கேனுக்கும் குடும்பமே செலவிடுகிறது. குறுவைக்கும் சம்பாவுக்கும் இடையே கையில் பணமில்லாத மாதங்களில், வலி தராத நோய்க்கான மாத்திரைதான் முதலில் நின்றுபோகும். சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தி, இன்னோர் அறுவைக்குச் செலவிடும் விபரீதம் இது.

எனவே, அறுவையையும் அதன் பின்னான ஆறு மாதக் கவனிப்பையும் ஒரே சிகிச்சையாகக் கருதிக் காப்பீடு வழங்க வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மருந்துகளை வீட்டுக்கே கொண்டுசெல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இம்மருந்தையும் சேர்க்கலாம்.

நோயாளிகளுக்கும் கடமை உண்டு. வலப்புற மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கோ தோளுக்கோ பரவும் வலியை, குறிப்பாகக் காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்தால், வாயுத்தொல்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது. எடை குறைவதைக் கொண்டாடும் மாதங்களே பித்தப்பையைக் கவனிக்க வேண்டிய மாதங்கள்.