கெத்தில் ஆறு ஏன் மெலிகிறது?

மலாய்மொழியில் ‘கோலா’ என்றால் ஆறு சென்று கலக்கும் இடம். கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு சேரும் பகுதியை ஒட்டியதால்தான் கோலா கெத்திலுக்கு அப்பெயர். ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் இந்த ஆறு மெலிந்து, மணல்திட்டுகள் தலைகாட்டும். “இந்த வருசம் வெயில் ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அது பாதி விடைதான்.

ஆண்டுதோறும் வரும் வறட்சிக்குக் காரணம் எளிது. வடகிழக்குப் பருவக்காற்று சுமந்துவரும் மழையின் பெரும்பகுதியைக் கிளந்தானும் திரெங்கானுவும் வாங்கிக்கொள்கின்றன. நடுவிலுள்ள மலைத்தொடர்களைத் தாண்டிக் கெடாவுக்கு வருவது பெரும்பாலும் காய்ந்த காற்றே. தோட்டத்து மக்கள் எந்த அறிக்கையும் பார்க்காமலே இதை அறிவார்கள். பால்மரம் இலை உதிர்க்கும், பால் குறையும், சம்பளமும் குறையும். ஏப்ரல் மழையில் எல்லாம் திரும்பும்.

சில ஆண்டுகளில் அந்த ஏப்ரலும் ஏமாற்றிவிடுகிறது. பசிபிக் கடலின் வெப்பநீர் கிழக்கே நகர, மழைமேகங்களும் அதன் பின்னே போய்விடுகின்றன. இதுவே எல் நினோ. 1998 ஏப்ரல் 9-ஆம் நாள் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானது. 2016 ஏப்ரலில் கெடா, பெர்லிஸ் பள்ளிகளை வெப்பத்தால் மூட வேண்டியதாயிற்று. இரண்டுமே கடுமையான எல் நினோக் காலங்கள்.

இந்த எல் நினோ நமக்குப் பழைய உறவு என்பதைப் பலர் அறிவதில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தின் பின்னணியில் 1877-78இன் கடும் எல் நினோ இருந்தது. மூடா ஆற்றின் தென்கரையான இன்றைய செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்த காலமும் அதுவே. பின்னர், 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர், பருவமழை பொய்ப்பதை முன்கூட்டியே அறிய முயன்றார். அம்முயற்சியில் அவர் கண்டறிந்த ‘தென் அலைவு’தான் எல் நினோவைப் புரிந்துகொள்ளத் திறவுகோலாயிற்று.

எல் நினோ ஓராண்டு, ஈராண்டில் ஓய்ந்துவிடும். அதைவிட மெதுவான மாற்றமும் உண்டு. பசிபிக் பத்தாண்டு அலைவு எனப்படும் அது, இருபது முப்பது ஆண்டுகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்துவிட்டு மறுபக்கம் சாயும். 1976-77இல் அப்படியொரு திருப்பம் நேர்ந்தது. அதன்பின் இருபதாண்டுகள் எல் நினோக்கள் மிகுந்தன.

இங்கேதான் சிக்கல். கெடாவின் நெல்வயல்களுக்காகக் கட்டப்பட்ட பெடு, மூடா அணைகள் 1969-ஆம் ஆண்டு முடிந்தன. ஒன்பதே ஆண்டுகளில், 1978இல், அணைகளில் நீர் போதாமல் ஒரு போகமே கைவிடப்பட்டது. அந்த ஒரு நிகழ்வைக் கடலின் திருப்பத்தின்மேல் மட்டும் போட்டுவிட முடியாது. ஆனால் ஒரு காலகட்டத்து மழையை நம்பிப் போட்ட கணக்கு அடுத்த காலகட்டத்தில் இடறக்கூடும். அமெரிக்காவில் கொலராடோ ஆற்றை 1922இல் பங்கிட்டவர்கள் அதற்கு முந்திய செழிப்பான ஆண்டுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். ஆற்றில் இல்லாத நீரைப் பங்குபோட்டுவிட்டு ஏழு மாநிலங்கள் இன்றும் மல்லுக்கட்டுகின்றன.

நமக்கும் அந்த வம்பு தூரத்தில் இல்லை. பினாங்கு தன் குடிநீரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மூடா ஆற்றிலிருந்தே எடுக்கிறது. கெடாவோ அதற்குக் கட்டணம் கேட்கிறது. 2004இல் சீக் பகுதியில் பெரிஸ் அணையும் வந்தது. உலு மூடா காட்டில் மரம் வெட்டுவதைப் பற்றிய வாதம் ஓயவில்லை. மழை பெய்தாலும் அதைப் பிடித்துவைத்து மெல்ல விடுவது அந்தக் காடுதானே!

ஐம்பது ஆண்டுப் பதிவில் பத்தாண்டு அலைவு ஒரு முறைதான் முழுதாகச் சுற்றி வந்திருக்கும். அதற்கு முந்திய வறட்சிகளை மரவளையங்களில் தேடலாமென்றால், நம் மழைக்காட்டு மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை. ஆய்வாளர்கள் அதற்காக வட தாய்லாந்தின் முதிய தேக்கு மரங்களைத் தேடிப் போகிறார்கள்.