இரும்புக்கை மாயாவி யாருக்குச் சொந்தம்?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். தோல் வெட்டுவது, மேல்பாகம் தைப்பது, சோல் ஒட்டுவது எல்லாம் இங்கே நடக்கும். பெட்டியில் அச்சாகும் பிராண்ட் பெயர் மட்டும் வெளிநாட்டுக்காரருடையது. அவர் சம்மதிக்காமல் அந்தப் பெயரில் ஒரு ஜோடியைக்கூடக் கடைவீதியில் விற்க முடியாது. காமிக்ஸ் நாயகர்களின் கணக்கும் இதுதான். எழுதியவர், வரைந்தவர், தமிழில் கொண்டுவந்தவர் என்று பல பேர் உழைத்திருப்பார்கள். படமெடுக்கும் உரிமையோ இவர்கள் யாரிடமும் இல்லாமல் போகலாம்.

இரும்புக்கை மாயாவியையே எடுத்துக்கொள்வோம். 1972இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழின் நாயகன் இவன்தான். ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து, இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டல். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். பள்ளி விடுமுறையில் இவனைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு மாயாவி நம்மூர் ஆள். பிறந்த இடம் என்னவோ லண்டன். 1962இல் 'வேலியண்ட்' வார இதழில் ஃப்ளீட்வே நிறுவனத்துக்காக கென் பல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். நிறுவனம் கைமாறிக்கொண்டே போய், 1970க்கு முந்தைய அந்தக் காமிக்ஸ் தொகுப்பை 2018இல் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் ரெபெல்லியன் நிறுவனம் வாங்கியது. மாயாவியும் அதற்குள் அடக்கம்.

புத்தகமாக அச்சிடும் உரிமம் வேறு, படமெடுக்கும் உரிமம் வேறு. ஒன்றை வாங்கினால் மற்றது இலவச இணைப்பாக வராது.

இயக்குநர் லோகேஷ் கனகராஜ் 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் படம் எடுக்கப்போவதாகப் பல ஆண்டுகளாகப் பேச்சு அடிபடுகிறது. அதற்கு ஆக்ஸ்ஃபோர்டில் அனுமதி கேட்க வேண்டுமா? வெறும் தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது என்று 2015இல், 'தேசி பாய்ஸ்' இந்திப்பட வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வேறு கதை சொல்பவரைக் காப்புரிமையைக் காட்டித் தடுப்பது கடினம். கிராண்டலையும் அவன் கதையையும் எடுத்தால்தான் உரிமையாளரிடம் போக வேண்டும்.

பாத்திரங்களுக்காக நம் நாட்டிலும் வழக்கு நடந்திருக்கிறது. 1997இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நாகராஜ், நாகேஷ் என்ற இரண்டு பாம்பு நாயகர்கள் மோதினார்கள். பெயரிலும் தோற்றத்திலும் நாகேஷ் அச்சு அசல் நாகராஜ் மாதிரியே இருப்பதாகச் சொன்ன நீதிமன்றம், நாகராஜை வெளியிட்ட ராஜா பாக்கெட் புக்ஸ் பக்கம் நின்றது. கேரளத்தில் கதை வேறு. 'போபனும் மோளியும்' வரைந்த டாம்ஸ், மலையாள மனோரமாவை விட்டு விலகி அதே பாத்திரங்களை வேறு இதழில் வரையத் தொடங்கினார். மனோரமா வழக்குப் போட்டது. அந்தப் பாத்திரங்களைத் தொடர்ந்து வரைவதிலிருந்து டாம்ஸைத் தடுக்க முடியாது என்று 1988இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. 1938இல் சூப்பர்மேனை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அதன்பின் பல ஆண்டுகள் கோர்ட் வாசல்தான்.

உரிமையை வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை. குறிப்பிட்ட தேதிக்குள் படம் தொடங்காவிட்டால் உரிமை கைநழுவும். 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' கதையை வாங்கிவைத்திருந்த ஜெர்மன் தயாரிப்பாளர் பெர்ன்ட் ஐகிங்கருக்கு 1992 டிசம்பர் கடைசி நாள்தான் கெடு. கையில் பணம் போதவில்லை. சிக்கனப் படங்களுக்குப் பேர்போன ராஜர் கோர்மனைப் பிடித்தார். சுமார் 10 லட்சம் டாலர் செலவில், கெடு முடியும் சமயத்தில் கேமரா உருண்டது. ரப்பர்போல் நீளும் நாயகனின் கை கல்யாணக் காரின் கூரை வழியே ஆடுகிறதே, அது குச்சியில் மாட்டிய கையுறை! நடிகர்கள் ஊர் ஊராகப் போய் விளம்பரமும் செய்தார்கள். படம் தியேட்டருக்கு வரவே இல்லை, திருட்டுப் பிரதிகள்தான் சுற்றின. ஐகிங்கர் பிடியை விடவில்லை. 2005இல் ஃபாக்ஸ் பெரிய செலவில் எடுத்த படத்துக்கும் அவர் தயாரிப்பாளர்.

ஸ்பைடர்மேன் சோனியிடம் இருப்பதும் இப்படித்தான். 1996இல் அவனது காமிக்ஸை வெளியிடும் மார்வெல் நிறுவனம் திவால் ஆனது, 1999இல் சோனியோடு ஒப்பந்தம். ஒரு படம் வந்து 5 ஆண்டு 9 மாதத்துக்குள் அடுத்தது வராவிட்டால் சிலந்தி மார்வெலிடமே திரும்பிவிடும். 2007க்குப் பிறகு 2012இல் புது நடிகரோடு கதையை முதலிலிருந்து தொடங்கினார்களே, அதற்கு இந்தக் கெடுவும் ஒரு காரணம். 2009இல் 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்கிய டிஸ்னி, 2019இல் ஃபாக்ஸையும் வாங்கி, அதன் கையில் இருந்த எக்ஸ்-மென் பட உரிமையை மீட்டது. ஸ்பைடர்மேனின் பட உரிமை இன்றும் சோனியிடம்தான்.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவிலும் கெடு உண்டு. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு, எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, உரிமை காலாவதி. ஊரில் உட்கார்ந்து காமிக்ஸ் வரையும் இளைஞர் கையெழுத்துக்கு முன் தேட வேண்டிய வரிகள் இவை. 'எல்லா ஊடகத்துக்கும், நிரந்தரமாக' என்று ஒரு வரி இருந்தால் சினிமாவும் அதில் போய்விடும்.

காப்புரிமைக்கும் ஆயுள் உண்டு. முதல் சூப்பர்மேன் கதை அமெரிக்காவில் 2034 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் பொது. இந்தியாவில் எழுத்தாளர் மறைந்தபின் 60 ஆண்டு. கென் பல்மர் இறந்தது 2005இல். அந்தக் கணக்கில், அவர் எழுதிய மாயாவி கதைகளை அனுமதி கேட்காமல் படமாக்க நினைப்பவர் 2066 வரை காத்திருக்க வேண்டும்.